கயிற்றுக்காரர் சந்தில் சுரங்கம் இல்லை

ராயபுரம் கயிற்றுக்காரர் சந்தில் எழுபது வருஷமாக யாருக்கும் தொந்தரவு தராமல் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த ஓர் ஓட்டையின் மேல், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஐந்தாம் மாதம் வால்டருக்குச் சந்தேகம் வந்தது. ஓய்வு பெற்றவர்களுக்கு வழக்கமாக மனைவியின் சமையல் மேலோ மருமகனின் சம்பளத்தின் மேலோதான் சந்தேகம் வரும். வால்டர் நல்ல மனிதர். ஓட்டையோடு நிறுத்திக்கொண்டார்.

அந்த ஓட்டை அவர் வீட்டுப் பின்கட்டில், துணி துவைக்கிற இடத்தில் இருந்தது. அதன் மேல் ஒரு பழைய ஆட்டுக்கல்லைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். சந்துக்கு வெளியே இருக்கிற பெரிய ரோடு தார் போடும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்துகொண்டே போனது; சந்து மட்டும் பிறந்த உயரத்திலேயே நின்றுவிட்டது. அதனால் மழை வந்தால் ரோட்டுத் தண்ணீர் முழுக்க உள்ளே இறங்கிவிடும். வாசலில் இரண்டாவது படியைத் தண்ணீர் தொட்டதும் எதிர்வீட்டுப் பூமாரி எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் தட்டுவாள். அந்தச் சத்தம் கேட்டதும் வால்டர் வீட்டில் கல்லைப் புரட்டிவிட வேண்டும். கீழே செங்கல் வளைவு ஒன்று தெரியும். நடையோரத்து வாய்க்கால் வழியாக வரும் தண்ணீர் அதற்குள் சுழன்று இறங்கி, ஒரு மணி நேரத்தில் சந்து வடிந்துவிடும். பிறகு பதினாறு வீட்டிலிருந்தும் வால்டர் வீட்டுக்குச் சுக்குக் காப்பி வரும். பதினாறு டம்ளரையும் குடித்தாக வேண்டும் என்பதுதான் அந்த வீட்டுக்கு இருந்த ஒரே கஷ்டம்.

ஓட்டையைப் பற்றி வெளியாளிடம் பேசுவதில்லை என்பதும் சந்தின் வழக்கம். “ஆபீசுக்காரன் காதுல வுழுந்தா அளக்க வருவான். அளந்தா மூடாம போவ மாட்டான்” என்பாள் பூமாரி. ரேஷன் கார்டில் புருஷன் பேரைச் சேர்க்க நாலு வருஷமும், புருஷன் செத்த பிறகு அதை நீக்க ஏழு வருஷமும் அலைந்தவள் அவள். அவள் சொன்னால் யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை.

வால்டரின் கோளாறு அவர் பார்த்த வேலையில் இருந்தது. துறைமுகத்தில் முப்பத்து நாலு வருஷம் டாலி கிளார்க். கப்பலுக்குள் இறங்குகிற மூட்டைகளைக் கோடு போட்டு எண்ணி, பெற்றுக்கொண்டவனிடம் கையெழுத்து வாங்குவது அந்த வேலை. நாலு கோடு, குறுக்கே ஒன்று, ஆக ஐந்து. இங்கே இறங்கியது இன்னோர் இடத்தில் ஏறியாக வேண்டும். ஏறவில்லை என்றால் யாரோ பொய் சொல்கிறார்கள். இந்த ஒரே விதியை வைத்துக்கொண்டு அவர் கோதுமையிலிருந்து யூரியா வரை சமாளித்திருந்தார். அப்படிப்பட்டவர் வீட்டிலேயே எழுபது வருஷமாகத் தண்ணீர் இறங்குகிறது, வாங்கிக்கொண்டதாக ஒருவனும் கையெழுத்துப் போடவில்லை என்றால் அவருக்கு எப்படிச் சோறு இறங்கும்?

“ஜானட், இந்தத் தண்ணி எங்க போவுது?” என்றார் மனைவியிடம்.

“கீழ போவுது.”

“கீழன்னா எங்க?”

“யோவ், அது மேல வராத வரிக்கும் ஒனக்கு இன்னா? நவம்பர்ல ஜூடி தலப்பிரசவத்துக்கு வர்றா. அவ படுக்கப்போற கட்டிலு காலு ஆடுது. மொதல்ல அத்த பாரு.”

வால்டர் கட்டில் காலைச் சரி செய்தார். செய்து முடித்த கையோடு காசிமேட்டுக்குப் போய், வலைக்குக் கட்டும் ஆரஞ்சு நிற மிதவைகள் பன்னிரண்டு வாங்கி வந்தார். ஒவ்வொன்றிலும் எண்ணை மட்டும் மாற்றி மாற்றி, அழியாத மையில் எழுதினார்: ‘அனுப்புநர்: வால்டர், கயிற்றுக்காரர் சந்து. பொருள்: மிதவை. எண்: 12-இல் 1. பெற்றுக்கொண்டவர் கீழ்க்கண்ட எண்ணில் தெரிவிக்கவும்.’ கீழே தன் கைபேசி எண். முப்பத்து நாலு வருஷம் டாலி எழுதிய ஒரு மனிதரைத் தவிர, உலகத்தில் வேறு யாரும் ஒரு சுரங்கத்திடம் தன் ஃபோன் நம்பரைக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

ஆகஸ்டில் ஒரு மாலை நல்ல மழை பெய்தது. பூமாரி தட்டைத் தட்டினாள். வால்டர் கல்லைப் புரட்டி, பன்னிரண்டு மிதவைகளையும் வரிசையாக உள்ளே விட்டு, தன் பழைய டாலி புத்தகத்தில் கோடு போட்டுக்கொண்டார். அன்று வந்த சுக்குக் காப்பி அவருக்கு இனித்தது.

மூன்றாம் நாள் ஃபோன் வந்தது.

“வால்டர்ங்கறது நீங்கதானா? நீங்க அனுப்பின பொருள் எங்க காவல்ல இருக்கு.”

“வந்துச்சா! எத்தினி வந்துச்சு?”

சந்தேகத்துக்குரிய ஒருவர் இப்படிச் சந்தோஷப்பட்டு அந்தப் பக்கம் இருந்தவர்கள் கேட்டதில்லை.

பேசியது நிலத்தடி வழிகள் தேடல் ஆணையம். பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு தண்ணி லாரியின் பின்சக்கரம் ரோட்டுக்குள் இறங்கி, உள்ளே ஏதோ செங்கல் சுவர் தெரிகிறது என்று பேப்பரில் வந்ததும் தொடங்கப்பட்ட அமைப்பு அது. நகரத்துக்குக் கீழே மறந்துபோன சுரங்கங்கள் இருக்கின்றனவா என்று தேடுவது அதன் பணி. நாற்பத்து மூன்று ஊழியர்கள், இரண்டு ஜீப்புகள், துறைமுக ரயில் பாதைக்குப் பின்னால் பழைய கிடங்கு ஒன்றில் அலுவலகம். இதுவரை கண்டுபிடித்த சுரங்கம் எதுவும் இல்லை.

வால்டர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, டாலி புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு போனார். வாசலில் ஒரு பதிவேடு இருந்தது. பெயர், முகவரி எல்லாம் எழுதிய பிறகு கடைசிக் கட்டத்தில் ‘வந்த வழி: மேல்வழி, கீழ்வழி’ என்று போட்டிருந்தது. வால்டர் மேல்வழிக்கு நேராக டிக் போட்டார். காவலர் அந்த டிக்கைக் குனிந்து பார்த்தார்.

“யோசிக்காமலே போட்டுட்டீங்களே.”

“நடந்துதான் சார் வந்தேன்.”

“கீழ்வழியா வர்றவனும் நடந்துதான் வருவான்.”

வால்டருடைய செருப்பின் அடிப்பாகத்தைத் திருப்பிப் பார்த்து, ஒட்டியிருந்த மண்ணைச் சுரண்டி ஓர் உறையில் போட்டு, அதன் மேல் அவரிடமே கையெழுத்து வாங்கிக்கொண்டு உள்ளே விட்டார்கள்.

தலைமை ஆணையர் கருணாகரனின் மேஜையில் பச்சைத் துணி விரித்து, ஏழு மிதவைகளை ஏழு பாலிதீன் பைகளில் வைத்திருந்தார்கள். பக்கத்தில் உதவி ஆய்வாளர் நிலவன் நின்றுகொண்டிருந்தார். நிலவனுக்குப் பாதி வாக்கியத்தில் நிறுத்திவிடும் பழக்கம் உண்டு. அந்த அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகு வந்தது.

“இந்த ஏழும் எங்க ஆவண அறைக்குள்ள, தரையில இருக்கிற மூடியைத் தள்ளிக்கிட்டு வந்திருக்கு. பன்னிரண்டில் ஏழுன்னா, மீதி அஞ்சு எங்கே?” என்றார் கருணாகரன்.

“அத்தத்தான் சார் நானும் கேக்கறேன்.”

“கேள்வியை நாங்க கேட்போம். நீங்க ஏன் சிரிக்கிறீங்க?”

“இல்ல சார், ஏழு வந்துகீது. அப்ப வழி கீது. எங்க வூட்டாண்ட ஆரம்பிச்சி உங்க ஆபீஸ்ல வந்து முடியுது. சார், நீங்க பதினோரு வருசமா தேடிகினு இருந்த சுரங்கம் கெடச்சிடுச்சி சார்!”

கருணாகரன் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். பிறகு ஜன்னலையும் சாத்தினார். மின்விசிறி ஓடுகிற சத்தத்தில் யாராவது ஒளிந்திருப்பார்களோ என்பதுபோல் அதையும் ஒரு தடவை அண்ணாந்து பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

“மிஸ்டர் வால்டர், வாசல்ல எங்க போர்டைப் படிச்சீங்களா? தேடல் ஆணையம்னு இருக்கு. கண்டுபிடிப்பு ஆணையம்னு எங்கேயாவது இருக்கா? தேடுறது ஒரு தொடர்பணி. நாற்பத்து மூணு குடும்பம் அதை நம்பி இருக்கு. நாங்க பொறுப்பா, நிதானமா, யாருக்கும் எந்தச் சேதமும் இல்லாம தேடிக்கிட்டிருக்கோம். நீங்க ஒரு மிதவையைப் போட்டு மூணு நாள்ல கண்டுபிடிச்சிட்டேன்னு வந்து நின்னா, அப்போ இத்தனை வருஷம் நீங்க என்னய்யா பண்ணீங்கன்னு நாளைக்கு எவனாவது எங்களைக் கேட்பான். அதுக்கு எங்ககிட்ட பதில் கிடையாது. பதில் இல்லாத கேள்வியை உண்டாக்குறது பொது அமைதிக்குப் பங்கம். இது உங்களுக்குத் தோணவே இல்லையா, இல்லை தெரிஞ்சேதான் செய்றீங்களா?”

வால்டருக்குக் குழப்பமாக இருந்தது. இங்கே இறங்கிய சரக்கு அங்கே வந்து சேர்ந்தது என்று சொன்னால் துறைமுகத்தில் எல்லாரும் நிம்மதியாக மூச்சு விடுவார்கள். இங்கே சேர்ந்ததுதான் குற்றம் போலிருந்தது.

“அது இருக்கட்டும்” என்று கருணாகரன் முன்னால் சாய்ந்தார். “வருஷா வருஷம் மழைக் காலத்துல எங்க ஆவண அறைக்குள்ள இடுப்பளவு தண்ணி வருதே, அது…”

“எங்க தண்ணிதான் சார்!” என்றார் வால்டர் பெருமையாக.

வாயை மூடிக்கொண்டிருக்கலாம். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவர் இதைத்தான் நினைத்துக்கொண்டு போனார்.

“எழுதிக்கோ நிலவன். ஒப்புக்கொண்டார். பதினோரு வருஷ ஆவணம்! ஒவ்வொரு வருஷமும் நனைஞ்சு கூழாகி, நாங்க முதல்லேர்ந்து தேட ஆரம்பிச்சு… அத்தனைக்கும் காரணம் இந்த ஆள்.”

“சார், அந்தத் தண்ணி வர்றது ஒரு வகையில நமக்கு…” என்று ஆரம்பித்தார் நிலவன்.

“நீ சும்மா இரு.”

நிலவன் எழுதிக்கொண்டார்.

அடுத்த வாரம் இரண்டு ஜீப்புகளும் கயிற்றுக்காரர் சந்தின் வாயில் வந்து நின்றன. சந்துக்குள் நுழையாததால் அங்கேயே நின்றன. ஊழியர்கள் பின்கட்டுக்கு வந்து கல்லைப் புரட்டச் சொல்லி, ஓட்டையைச் சுற்றி நாற்காலி போட்டு உட்கார்ந்து படிவம் நிரப்பினார்கள். படிவத்தில் ‘சுரங்கத்தின் பெயர்’, ‘தந்தை பெயர்’, ‘நிரந்தர முகவரி’, ‘தற்காலிக முகவரி’ என்று கட்டங்கள் இருந்தன. தந்தை பெயர் தெரியாது என்று வால்டர் சொன்னதும், தெரியாதா அல்லது சொல்ல விருப்பமில்லையா என்று கேட்டு அதற்கும் ஒரு டிக் போட்டார்கள்.

“உள்ள எறங்கிப் பாக்கலியா சார்?” என்றார் வால்டர். வந்ததிலிருந்து அவர் காத்திருந்தது அதற்குத்தான். தானும் கூட இறங்கலாம் என்று டார்ச் லைட்டுக்குப் புது பேட்டரிகூடப் போட்டு வைத்திருந்தார்.

“ஆணைய விதி பதினேழின்படி ஊழியர்கள் யாரும் தரைமட்டத்துக்குக் கீழே போகக் கூடாது” என்றார் கருணாகரன். “பாதுகாப்புக் காரணம்.”

“அப்ப இத்தினி வருசமா சுரங்கத்த எங்க சார் தேடுனீங்க?”

“தரைமட்டத்துல.”

பிறகு சந்துக்காரர்களை ஒவ்வொருவராக விசாரித்தார்கள். பூமாரி புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து நின்றாள்.

“இந்தச் சந்துல மழைத் தண்ணி எங்கேம்மா போகுது?”

“எந்த மழ?”

“போன வருஷம் பெஞ்ச மழை.”

“அதுவா? அது போன வருசமே போய்டுச்சி சார்.”

மற்ற பதினைந்து வீட்டுக்காரர்களும் ஏறக்குறைய இதையே சொன்னார்கள். யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்று கருணாகரனுக்கு வால்டர் மேல் சந்தேகம். இவர்தான் கூட்டிக்கொண்டு வந்தார் என்று சந்துக்கும் வால்டர் மேல் சந்தேகம். “ஃபோன் நம்பர எழுதி வுட்டியாமே வால்ட்ரண்ணே” என்றாள் பூமாரி போகிறபோது. “கூடவே உன் போட்டோவையும் ஒட்டி வுட்டிருக்கலாம்ல?”

பதினைந்து நாளில் தீர்ப்பு வந்தது. ஆணையத்தின் வரைபடத்தில் அந்த இடத்தில் சுரங்கம் இல்லை. ஆகவே சுரங்கம் இல்லை. வால்டர் வீட்டில் இருப்பது ‘இரு முனைகள் கொண்ட, கீழ்நோக்கிய வெற்றிடம்’. அரசு ஆவணங்களைச் சேதப்படுத்தும் நோக்கம் அதற்கு இருப்பதாகச் சந்தேகிக்கப்படுவதால், அதை அடைத்து, ‘சுரங்கமின்மைச் சான்றிதழ்’ வழங்கப்படும்.

செப்டம்பர் கடைசியில் விழா நடந்தது. துவைக்கிற இடத்தில் ஷாமியானா போட முடியாததால் சந்தில் போட்டார்கள். ஓட்டையில் கான்கிரீட் கொட்டி, அதன் மேல் ‘இவ்விடத்தில் சுரங்கம் இல்லை’ என்று பளிங்குக் கல்வெட்டு பதித்து, கல்வெட்டுக்கு நேராக ஒரு கேமராவும் மாட்டினார்கள். கருணாகரன் மைக்கைப் பிடித்தார்.

“இன்று இந்த ஆணையத்தின் வரலாற்றில் பொன்னாள். ஒரு சுரங்கம் இல்லை என்பதை முதன்முறையாக உறுதி செய்திருக்கிறோம்! எங்களைப் பார்த்துச் சிலர் கேட்கிறார்கள், என்ன கண்டுபிடித்தீர்கள் என்று. இருப்பதை யார் வேண்டுமானாலும் கண்டுபிடிக்கலாம். இல்லாததைக் கண்டுபிடிக்கத்தான் ஓர் ஆணையம் தேவை. இதே வேகத்தில் போனால், நகரம் முழுவதும் எங்கெங்கே சுரங்கம் இல்லை என்ற முழுப் பட்டியலை இன்னும் நூற்று ஐம்பது ஆண்டுகளில் மக்கள் கையில் கொடுத்துவிடுவோம். எங்கள் பேரப்பிள்ளைகளும் இந்தப் பணியைத் தொடர்வார்கள்.”

ஊழியர்கள் நாற்பத்து மூன்று பேரும் கை தட்டினார்கள். வால்டருக்குச் சால்வை போட்டு, சான்றிதழைக் கையில் கொடுத்து, கல்வெட்டைத் தொடுவது புதிய சுரங்கம் அமைக்கும் முயற்சியாகக் கருதப்படும் என்ற தாளில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். நிலவன் மட்டும் கல்வெட்டையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். என்ன சார் என்று வால்டர் கேட்டதற்கு, “ஒண்ணுமில்லை, இந்த வருஷம் நல்ல மழைன்னு சொல்றாங்க, அதான்…” என்று நிறுத்திக்கொண்டார்.

அன்றிலிருந்து ஜானட் வால்டரோடு பேசுவதை நிறுத்தினாள். சொல்ல வேண்டியதையெல்லாம் சமையலறையில் பாத்திரங்களிடம் சொன்னாள். பாத்திரங்கள் பதில் சொல்வதும் வாசல் வரை கேட்டது. துவைக்கப் போகும்போதெல்லாம் வால்டரின் லுங்கியை எடுத்துக் கேமரா மேல் போடுவாள். அந்த லுங்கிக்காக ஆணையத்திலிருந்து இரண்டு நோட்டீஸ் வந்தன.

வால்டர் அக்டோபர் முழுக்க மனு எழுதினார். மகள் பிரசவத்துக்கு வருகிறாள், பச்சைக் குழந்தை இருக்கிற வீட்டில் தண்ணீர் ஏறினால் என்ன செய்வது, தயவுசெய்து அந்தச் சுரங்கத்தைத் திறந்துவிடுங்கள் என்று ஆறு மனு. ஆறுக்கும் சேர்த்து ஒரு பதில் வந்தது: ‘தாங்கள் குறிப்பிடும் சுரங்கம் இல்லை என்பதற்கான சான்றிதழ் தங்களிடமே உள்ளது. இல்லாததைத் திறக்க வழிவகை இல்லை. தாங்கள் ஏன் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள் என்பது பரிசீலனையில் உள்ளது.’

நவம்பர் மூன்றாம் தேதி ஜூடிக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாலாம் நாள் மழை பிடித்தது. முதல் நாள் சந்து நனைந்தது. இரண்டாம் நாள் முதல் படி. மூன்றாம் நாள் மத்தியானம் தண்ணீர் இரண்டாவது படியைத் தொட்டபோது, பழக்க தோஷத்தில் பூமாரி தட்டைத் தட்டிவிட்டாள். தட்டின பிறகுதான் அவளுக்கே நினைவு வந்தது. சத்தம் பாதியில் நின்றது. பதினாறு வீட்டிலும் அதைக் கேட்டவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

நாலாம் நாள் காலையில் தண்ணீர் கூடத்துக்குள் வந்தது. ஆடாத கட்டிலின் நாலு காலுக்கும் கீழே இரண்டிரண்டு செங்கல் வைத்து, அதன் மேல் ஜூடி குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சாக்கடையும் கலந்த தண்ணீர், ஒரே கலீஜ் நாற்றம். “டாடி, இன்னும் ஏறுமா?” என்று கேட்டாள் அவள். வால்டரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. எழுபது வருஷம் யாரும் கேட்காத கேள்வியைக் கேட்டு, பெற்ற பெண்ணை நனைய விட்டோமே என்று தன்னையே நொந்துகொண்டார். எழுந்து போய்க் கடப்பாரையை எடுத்தார். லுங்கியை அவிழ்த்துக் கேமராவை மூடக்கூட இல்லை. வருவது வரட்டும் என்று முழங்கால் தண்ணீரில் நின்று கல்வெட்டின் மேல் முதல் குத்துக் குத்தினார்.

“வால்டர்!” என்று வாசலிலிருந்து ஒரு குரல் கேட்டது.

திரும்பினால் கருணாகரன். பேன்ட்டைத் தொடை வரை சுருட்டிக்கொண்டு, தலையில் பாலிதீன் பை கட்டிக்கொண்டு நடையில் தண்ணீரைத் தள்ளியபடி வந்தார். பின்னால் நிலவன்.

“சார், அரஸ்ட் பண்றதுன்னா பண்ணிக்கோங்க” என்றார் வால்டர். “பச்சக் கொழந்த கீது வூட்டுல. நான் ஒடச்சிட்டுத்தான் வருவேன்.”

“எவ்வளவு உடைச்சிருக்கீங்க?”

“இப்பத்தான் ஆரம்பிச்சேன்.”

“இப்பத்தானா? நாலு நாளா மழை பெய்யுது, இப்பத்தான் ஆரம்பிக்கிறீங்களா?” என்று கருணாகரன் கத்தினார். “என்ன மனுஷன் நீங்க! நிலவன், அந்தச் சம்மட்டியைக் கொடு!”

நிலவன் உண்மையாகவே முதுகுக்குப் பின்னால் ஒரு சம்மட்டியை வைத்திருந்தார். வால்டருக்கு ஒன்றும் புரியவில்லை. நிலவன் அந்த வேலைக்கு வந்த பிறகு முதல் தடவையாக வாக்கியங்களை முடித்துப் பேசினார்.

“வெள்ளிக்கிழமை தணிக்கைக் குழு வருது. வருஷா வருஷம் இந்த மாசம்தான் வருவாங்க. ஆவண அறையில தண்ணியைப் பார்ப்பாங்க, அடடான்னு அனுதாபம் தெரிவிப்பாங்க, போயிடுவாங்க. இந்த வருஷம் ஓட்டையை அடைச்சதுக்கு அப்புறம் ஒரு சொட்டுத் தண்ணி இல்லை. எல்லா ஃபைலும் மொறமொறன்னு காஞ்சு கிடக்கு. எடுத்துப் படிப்பாங்க.”

“படிச்சா இன்னா சார்?”

“முதல் பக்கத்துல ‘தேடல் தொடர்கிறது’ன்னு இருக்கும். அதுக்கு அப்புறம் நானூறு வெள்ளைத்தாள். இதைத்தான் அன்னைக்கே சொல்ல வந்தேன்.”

“முழுசா சொல்லியிருக்க வேண்டியதுதானே!” என்றார் கருணாகரன்.

அவர் சம்மட்டியை ஓங்கினார். வால்டரும் கடப்பாரையைத் தூக்கினார்.

“யோவ், கடப்பாரய கீழ வை.”

ஜானட். ஒன்றரை மாசத்துக்குப் பிறகு அவள் அவரிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அது. சமையலறை வாசலில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

“இப்ப ஒடச்சிகினு போவாரு. அவரு காகிதம் நனஞ்சி முடிஞ்சதும், வெய்யில் அடிச்சா திரும்ப சிமெண்டு மூட்டயோட வந்து நிப்பாரு. அப்ப நான் பேத்திய எங்க தூக்கிகினு ஓட்றது? யோவ், டாலி புக்க எடுத்துகினு வா. சரக்கு இங்கிருந்து எறங்கும் முன்னாடி, வாங்கறவரு கையெழுத்துப் போடட்டும்.”

முப்பத்து நாலு வருஷ சர்வீசில் எந்தக் கேப்டனும் வால்டரை இப்படிப் பெருமைப்படுத்தியதில்லை. அலமாரியின் மேல் தட்டிலிருந்து டாலி புத்தகத்தை எடுத்து, சட்டையில் துடைத்து, நின்றபடியே எழுதினார்: ‘அனுப்புநர்: கயிற்றுக்காரர் சந்து. பொருள்: மழைத் தண்ணீர். அளவு: வந்தவரை. இவ்வருஷமும் இனி வரும் எல்லா வருஷமும் மறுப்பின்றிப் பெற்றுக்கொள்ளப்படும்.’

“இது சட்டப்படி…” என்று இழுத்தார் கருணாகரன்.

“சொரங்கம் இல்லன்னு நீங்களே சர்ட்டிபிகேட் குடுத்துகீறீங்க” என்றாள் ஜானட். “இல்லாத சொரங்கத்துல தண்ணி வராது. வராத தண்ணிக்குக் கையெழுத்துப் போட்றதுல இன்னா சார் பேஜாரு?”

கருணாகரன் யோசித்துப் பார்த்தார். அவருடைய ஆணையத்தில் யாரும் இவ்வளவு சரியாக விதியைச் சொன்னதில்லை. கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, சட்டைப் பையிலிருந்து பாலிதீன் உறையில் பத்திரமாகச் சுற்றி வைத்திருந்த ரப்பர் ஸ்டாம்பை எடுத்து ஊதா மையில் முத்திரையும் வைத்தார். வெள்ளத்திலும் அவர் அதை விட்டுவிட்டு வரவில்லை.

பிறகு மூன்று பேரும் மாறி மாறி உடைத்தார்கள். கல்வெட்டு இரண்டாகப் பிளந்து, ஒரு துண்டு கான்கிரீட்டோடு உள்ளே விழுந்தது. செங்கல் வளைவு வாயைத் திறந்தது. பழைய சத்தத்தோடு தண்ணீர் சுழன்று இறங்க ஆரம்பித்தது. எதிர்வீட்டில் பூமாரி யாரும் கேட்காமலே தட்டை எடுத்துத் தட்டினாள், இந்தத் தடவை முழுசாக.

“ஃபைலையெல்லாம் கீழ்த் தட்டுல வச்சிட்டுத்தானே வந்தே?” என்று கேட்டபடியே கருணாகரன் வாசலுக்கு ஓடினார்.

“தரையிலேயே பரப்பிட்டு வந்திருக்கேன் சார்” என்றார் நிலவன்.

ஒரு மணி நேரத்தில் சந்து வடிந்தது. வால்டர் கட்டிலுக்குக் கீழே இருந்த செங்கற்களை ஒவ்வொன்றாக உருவினார். பதினாறு வீட்டிலிருந்தும் சுக்குக் காப்பி வந்தது. பூமாரி கொண்டுவந்த டம்ளரில் மட்டும் சர்க்கரை இல்லை. அவளுடைய கோபம் அடங்க அடுத்த மழை வரை ஆகும் என்று அதற்கு அர்த்தம். வால்டர் அதையும் ஒரு சொட்டு விடாமல் குடித்தார்.

வெள்ளிக்கிழமை தணிக்கைக் குழு வந்து, இடுப்பளவு தண்ணீரில் கூழாகிக் கிடந்த ஆவணங்களைப் பார்த்து ஆழ்ந்த அனுதாபம் தெரிவித்தது. இத்தனை இழப்புக்கு நடுவிலும் மனம் தளராத ஊழியர்களின் உழைப்பைப் பாராட்டி, ஆணையத்தை இன்னும் ஐந்து வருஷத்துக்கு நீட்டித்தது. பேப்பரில் கருணாகரன் இடுப்பளவு தண்ணீரில் நிற்கிற படம் வந்திருந்தது. உடைந்த கல்வெட்டின் மீதித் துண்டை ஜானட் துணி அடித்துத் துவைக்க வைத்துக்கொண்டாள். பளிங்கு நல்ல வழவழப்பு.

அடுத்த திங்கட்கிழமை காலை வெயில் அடித்தது. வால்டர் வாசல்படியில் பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு, டாலி புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். இறங்கியது பன்னிரண்டு, சேர்ந்தது ஏழு. அந்த ஐந்து மிதவைகள் எங்கே போயின என்ற கேள்வி இன்னும் அவரை விடவில்லை. அப்போது கைபேசி அடித்தது. தெரியாத நம்பர்.

“வணக்கம். பூமிக்கடி மரபுச் சொத்துகள் மீட்பு வாரியத்திலிருந்து பேசறோம்” என்றது ஒரு கனமான குரல். “எங்க அலுவலகக் கிணத்துல ஆரஞ்சு கலர்ல ஒரு மிதவை கிடைச்சிருக்கு. இந்த நம்பர் எழுதியிருக்கு. வால்டர்ங்கறது நீங்கதானா?”

எந்த ஊர்க் கிணறு, எவ்வளவு ஆழம், எந்தத் திசையிலிருந்து வந்தது என்று அத்தனை கேள்விகளும் வால்டரின் நாக்கு நுனிக்கு வந்துவிட்டன. உள்ளே பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. எதிர்வீட்டு ஜன்னலில் பூமாரி தெரிந்தாள். மடியில் பேத்தி கண்ணை மூடியபடி கொட்டாவி விட்டது.

“ராங் நம்பர்” என்றார் வால்டர். முப்பத்து நாலு வருஷத்தில் ஒரு தப்புக் கணக்குச் சொல்லாத மனிதர்.

ஃபோனை வைத்துவிட்டு, யாரும் பார்க்காதபடி டாலி புத்தகத்தைத் திறந்து, ஏழு கோட்டுக்குப் பக்கத்தில் எட்டாவது கோட்டைப் போட்டுக்கொண்டார்.